குற்றம் படிக்கப் போன பிள்ளை

போன ஆனி மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர இடம் கிடைத்தது. தாயும் தகப்பனும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். விடிகாலையில் வேன் ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வீடு. அந்த வீட்டில் இருந்து ஒரு பெண்பிள்ளை அபிஷேகப்பட்டி வரை படிக்கப் போகிறாள் என்றால் தெருவுக்கே சந்தோஷம்தானே. சேவும் மிட்டாயும் கொண்டு வந்த தாயிடம், “என்ன படிப்பும்மா?” என்று கேட்டேன். “கிரிமினாலஜின்னு சொல்லுதா மாமா, எனக்கு என்ன தெரியும்” என்றாள்.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதுதான் பேச்சு.

“என்ன அண்ணாச்சி, களவாங்கதுக்கெல்லாமா படிப்பு வந்துட்டு?”

“இல்லவே, அது எஸ்.ஐ. பரீட்சைக்கு உள்ள படிப்பு.”

“ரெண்டும் இல்ல, வக்கீல் படிப்புல அது ஒரு பிரிவு.”

கடைசியில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். 34 வருடம் கோர்ட்டில் வேலை பார்த்தவன், அதில் பாதிக்காலம் பெஞ்சு கிளார்க், எனக்குத் தெரியாமலா இருக்கும் என்ற நம்பிக்கை. உண்மையைச் சொன்னால் எனக்கும் சரியாகத் தெரியாது. “குற்றத்தைப் பத்தின படிப்பு” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. அந்தப் பிள்ளையிடமே புத்தகம் வாங்கி வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது, இந்தப் படிப்பின் சரித்திரத்தில் நம் தெற்கத்திச் சீமைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பெருமைப்படுகிற பங்கு இல்லை. ஆனாலும் நம் வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

முதலில் பெயரில் உள்ள குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் இதைக் குற்றவியல் என்கிறார்கள். கோர்ட்டு வாசலிலும் ‘குற்றவியல் நடுவர் நீதிமன்றம்’ என்றுதான் போர்டு தொங்கும். இரண்டும் ஒன்றல்ல. கோர்ட்டு கேட்கிற கேள்வி, இந்த ஆள் இதைச் செய்தானா, செய்தான் என்றால் எந்தப் பிரிவு என்பது. தடயவியல் கேட்பது, அதற்கு ரத்தக்கறை, ரேகை என்று என்ன ஆதாரம் என்பது. அந்தப் பிள்ளை படிக்கிற குற்றவியல் கேட்பது வேறு. ஏன் செய்தான்? ஏன் இந்த ஊரில், இந்தக் காலத்தில்? தண்டனை கொடுத்ததால் என்ன நடந்தது? அடிபட்டவன் என்ன ஆனான்? நான் 34 வருடம் கட்டுக் கட்டாகக் கேஸ் பார்த்தவன். இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது எந்தக் கட்டிலும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இதன் ஆரம்பம் ஐரோப்பாவில். 1764-ல் இத்தாலியில் மிலான் நகரத்தில் பெக்காரியா என்று 26 வயதுப் பையன் ஒருவர், தண்டனை குற்றத்தின் அளவுக்குத்தான் இருக்க வேண்டும், சித்திரவதை கூடாது, தூக்கு கூடாது என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பயத்தில் பெயர் போடாமல்தான் முதலில் அச்சிட்டார். அவர் சட்டத்தைப் பற்றி யோசித்தாரே தவிர, குற்றம் செய்கிற ஆளைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த வேலையை எடுத்துக்கொண்டவர் இன்னொரு இத்தாலியர், டாக்டர் லொம்ப்ரோசோ. ஒரு வழிப்பறிக்காரனின் மண்டையோட்டைச் சோதித்தபோது பின்பக்கத்தில் ஒரு குழி இருந்ததாம். குரங்குகளின் மண்டையில் இருக்கிற மாதிரி இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டார். குற்றவாளி என்பவன் பிறவியிலேயே அப்படி. தாடை பெரிதாக இருக்கும், காது விரிந்திருக்கும், கை நீளமாக இருக்கும் என்று ஜெயில் ஜெயிலாகப் போய் அளந்து 1876-ல் புத்தகம் போட்டார். உலகமே அதைப் பேசியது. 1885-ல் கரோஃபலோ என்ற நீதிபதி எழுதிய புத்தகத்தின் தலைப்புத்தான் இந்தப் படிப்புக்குப் பெயராகவே நின்றது. (லொம்ப்ரோசோ தன் எலும்புக்கூட்டையும் தூரின் நகரத்து மியூசியத்துக்கே விட்டுப் போனார். இன்னமும் அங்கே இருக்கிறது. அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.)

1876 என்றதும் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். தாது வருஷப் பஞ்சம். அவர் அங்கே மண்டையோடு அளந்துகொண்டிருந்த அதே வருடம் இங்கே மழை பொய்த்துத் தவசம் விலை ஏறிக்கொண்டிருந்தது. சென்னை மாகாணம் முழுவதும் தானிய வண்டிகளும் கடைகளும் கொள்ளை போயின. சிறைகள் நிரம்பின. டேவிட் ஆர்னால்டு என்ற சரித்திர ஆசிரியர் அந்தக்காலத்துப் போலீஸ் கணக்குகளை எடுத்துப் பார்த்து, பஞ்சமும் விலைவாசியும் ஏறினால் கொள்ளையும் ஏறுகிறது, விலை இறங்கினால் இதுவும் இறங்குகிறது என்று எழுதியிருக்கிறார். யாருடைய மண்டையில் உள்ள குழியும் இரண்டு வருடத்தில் ஏறி இறங்காது. இந்த ஒரு கணக்கை அப்போதே யாராவது உட்கார்ந்து போட்டிருந்தால், பின்னால் நடந்த அநியாயத்தில் பாதியாவது குறைந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த அநியாயத்துக்கு வருகிறேன். லொம்ப்ரோசோ புத்தகம் போடுவதற்கு ஐந்து வருடம் முன்பே, 1871-ல், வெள்ளைக்காரச் சர்க்கார் குற்றப் பழங்குடிகள் சட்டம் என்று ஒன்று கொண்டு வந்துவிட்டது. தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல் இந்த நாட்டில் திருடன் மகன் திருடன் ஆகிறான், அது அவன் குலத்தொழில் என்பதுதான் அதற்குச் சொன்ன நியாயம். அங்கே விஞ்ஞானம் பேசி முடிப்பதற்குள் இங்கே சட்டமாகவே வந்துவிட்டது. முதலில் வடக்கே இருந்தது. 1911-ல் திருத்தி எழுதி நம் மாகாணத்துக்கும் கொண்டு வந்தார்கள்.

சாதிப் பெயர் எழுதக் கை தயங்குகிறது. ஆனால் சட்டமே சாதிப் பெயரில்தான் இருந்தது, எழுதாமல் எப்படி? மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்கள், நம் பக்கமும் ராமநாதபுரம் பக்கமும் மறவர்களில் சில பிரிவினர், குறவர்கள், இன்னும் பலர் அந்தப் பட்டியலில் வந்தார்கள். இவர்களில் பலரும் யார்? காவல் காத்தவர்கள்.

நம் பகுதியில் பாளையக்காரர்கள் காலத்தில் காவல் என்பது ஒரு முறை. நெற்கட்டும்செவல் நமக்குத் தூரம் இல்லை, அந்தக் கதைகள் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். பாளையக்காரருக்குத் திசைக்காவல், ஊருக்குள் ஸ்தலக்காவல். காட்டையும் களத்தையும் மாட்டையும் காவல்காரர் பார்த்துக்கொள்வார். களத்துமேட்டில் கம்பும் சோளமும் அளக்கும்போது காவல்காரருக்கு என்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள் என்று என் தாத்தா சொல்லுவார். களவு போனால் காவல்காரர் கண்டுபிடிக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும். 1801-ல் பாளையங்களை ஒழித்த கம்பெனி காவல் உரிமையையும் சேர்த்துப் பறித்தது. 1859-ல் போலீஸ் சட்டம் வந்தது. காவல்காரர்களுக்குத் தொழில் போனது, பங்கும் போனது. சில இடங்களில் பழைய முறை கள்ளத்தனமாகத் தொடர்ந்தது. காவல் கூலி கொடுக்காதவன் மாடு காணாமல் போகும். துப்புக்கூலி கொடுத்தால் மறுநாள் மாடு கண்மாய்க்கரையில் நிற்கும். இதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. மாட்டைப் பறிகொடுத்த சம்சாரியின் வயிற்றெரிச்சலும் உண்மைதான், பலர் சேர்ந்து நின்று காவலை எதிர்த்த கதைகளும் இந்தப் பக்கம் உண்டு. ஆனால் ஒரு தொழிலை ஒழித்துவிட்டு, மாற்று வழி காட்டாமல், இவர்கள் பிறவித் திருடர்கள் என்று எழுதி வைப்பது என்ன நியாயம்?

சட்டத்தில் பேர் ஏறிவிட்டால், வயதுக்கு வந்த ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் கைரேகை வைக்க வேண்டும். களவு செய்தானா இல்லையா என்ற கேள்வியே இல்லை. இரவில் போலீசிடமோ ஊர்த் தலையாரியிடமோ ஆஜராக வேண்டும். பக்கத்து ஊருக்குத் துஷ்டிக்குப் போவதென்றாலும் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ஜனங்கள் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், நாங்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்து நின்றார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயாக்காள் என்ற பெண் உட்படப் பத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜாலியன்வாலாபாக்குக்கு அடுத்த வருடம் நடந்தது இது. நாங்கள் படித்த சரித்திரப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

ரேகைக்கும் ஒரு கதை இருக்கிறது. 1858-ல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ரோட்டுக்குச் சாமான் கொடுக்க ஒப்பந்தம் போட்ட கோனாய் என்பவரிடம் பின்னால் பேச்சு மாறாமல் இருக்கக் கைப்பதிவு வாங்கினார். இன்றைக்கும் நம் பத்திர ஆபீசில் பெருவிரல் ரேகை வைக்கிறோமே, அதே காரியம்தான். அதையே வகைபிரித்துத் தேடிக் கண்டுபிடிக்கிற முறையாக மாற்றியதில் அஜீசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் மூளை இருக்கிறது. பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி ஹென்றிக்குப் போனது. 1897-ல் கல்கத்தாவில் ரேகைக்கூடம் திறந்தார்கள். லண்டனுக்கு அது 1901-ல்தான் போனது. நம் சென்னையில் மியூசியம் சூப்பிரண்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் மண்டை, மூக்கு என்று சாதி சாதியாக அளந்து, போலீஸ்காரர்களுக்கும் ஆளை அளந்து அடையாளம் காண்பதைப் பற்றிப் பாடம் எடுத்தார். அவர் 1909-ல் போட்ட ஏழு தொகுதிப் புத்தகத்தைச் சாதிப் பெருமை பேசுகிறவர்கள் இன்றைக்கும் தூக்கிக் காட்டுவதுதான் வேடிக்கை.

இந்தச் சட்டத்தை எதிர்த்து மதுரையில் வாதாடியவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரளத்துக்காரர். கள்ளர் சனங்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கொண்டாடினார்கள், பிள்ளைகளுக்கு அந்தப் பேரையே வைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவர் தொடர்ந்து போராடினார். 1947-ல் நம் மாகாணத்திலும், 1952 ஆகஸ்ட் 31-ஆம் தேதி நாடு முழுவதும் சட்டம் நீங்கியது. சீர்மரபினர் என்று இன்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இதில் இருந்து வந்ததுதான்.

சட்டம் போனாலும் எண்ணம் போகவில்லை. குற்றப் பழங்குடி போய் வழக்கமான குற்றவாளி என்ற சட்டம் 1948-லேயே இங்கே வந்தது. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புக் கொடுத்தது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்கு. சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பது, சாதி பார்த்து அடைப்பது, சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிபோல் நடத்துவது எல்லாம் செல்லாது என்று சொன்னது. அந்த வழக்கில் நம் பாளையங்கோட்டை ஜெயிலில் சாதிவாரியாக அடைக்கிற விஷயமும் வந்தது. 1871-க்கும் 2024-க்கும் இடையில் 153 வருடம்.

படிப்பு அதற்குள் எங்கோ போய்விட்டது. 1913-லேயே இங்கிலாந்தில் கோரிங் என்ற ஜெயில் டாக்டர் சுமார் 3,000 கைதிகளை அளந்து பார்த்து, லொம்ப்ரோசோ சொன்ன தனி முகவெட்டு எதுவும் இல்லை என்று காட்டிவிட்டார். அமெரிக்காவில் சதர்லேண்டு என்ற பேராசிரியர், குற்றம் பிறப்பில் வருவதில்லை, பழகுகிற இடத்தில் கற்றுக்கொள்வது என்றார். 1939-ல் அவர் இன்னொன்றும் சொன்னார். கோட்டும் டையும் போட்டுக் கம்பெனி நடத்துகிறவன் செய்கிற மோசடியும் குற்றம்தான், அதை ஏன் கணக்கில் எடுப்பதில்லை என்றார். நிதி நிறுவனம், ஏலச்சீட்டு என்று பணத்தைப் போட்டுவிட்டுத் தெருவில் நின்ற நம் ஊர் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த முதலாளிகள் யாருடைய காதும் விரிந்திருக்கவில்லை.

நம் மாகாணமும் மோசம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சிறுவர்களைப் பெரிய ஜெயிலில் போடக் கூடாது என்று நாட்டிலேயே முதலில் 1920-ல் சட்டம் கொண்டு வந்தது சென்னை மாகாணம்தான். 16-ல் இருந்து 21 வயதுப் பையன்களைத் தொழில் கற்றுக் கொடுத்துத் திருத்த போர்ஸ்டல் பள்ளி வந்தது. பாளையங்கோட்டையில் ஒன்று இருந்தது. முதல் தப்புச் செய்தவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுகிற சட்டத்தையும் மத்திய அரசு 1958-ல் போடுவதற்கு இருபது வருடம் முன்பே இங்கே போட்டாகிவிட்டது. ரேகை வாங்கின அதே சர்க்கார்தான் இதையும் செய்தது. ஒரே ஆபீசில் இரண்டு மேசை.

படிப்பாக இது இந்தியாவில் கால் ஊன்றியது சுதந்திரத்துக்குப் பிறகு. மத்தியப் பிரதேசத்து சாகர் பல்கலைக்கழகத்தில் 1959-ல் துறை வந்தது. 1970-ல் ஆரம்பித்த இந்தியக் குற்றவியல் சங்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகம்தான் வீடு. அங்கே பேராசிரியராக இருந்த சொக்கலிங்கம் பின்னால் நம் மனோன்மணியம் சுந்தரனாருக்குத் துணைவேந்தராக வந்தார். இணையத்தில் நடக்கிற குற்றங்களைப் படிப்பதற்கென்று தனிப் பிரிவு வேண்டும் என்று சொல்லி, 2007-ல் ஒரு சர்வதேசப் பத்திரிகையைத் தொடங்கினார் பேராசிரியர் ஜெய்சங்கர். அப்போது அவர் இருந்தது திருநெல்வேலியில். ஓ.டி.பி. நம்பரைச் சொல்லிப் பென்ஷன் பணத்தைக் கோட்டை விடுகிற என் சேக்காளிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சொக்கலிங்கம் பேரைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவர் அதிகம் உழைத்தது பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய படிப்பில். குற்றவியலுக்குள்ளே பிந்தி வந்த பிரிவு இது. இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான் மெண்டல்சன், ஹென்டிக் போன்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். 1985-ல் ஐ.நா. சபை பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று ஒரு பிரகடனம் போட்டது. அந்த அத்தியாயத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

எண்பதுகளின் கடைசி. எந்தக் கோர்ட்டு என்று சொல்லவில்லை. ஒரு கொலைக் கேஸ். செத்தவனுக்கு முப்பது வயதுக்குள். அவனுடைய அம்மாதான் முதல் சாட்சி. ஆறு வாய்தாவுக்கு வந்தார். முதல் பஸ்ஸில் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். எதிரிகளும் அவர்களுடைய ஆட்களும் அதே வராந்தாவில்தான் நிற்பார்கள். தனியாக உட்கார இடம் கிடையாது. நான் சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பேன், டவாலி வாசலில் நின்று மூன்று தடவை கூப்பிடுவார். ஆறாவது தடவைதான் சாட்சி எடுத்தார்கள். சாட்சிப் படி கொடுத்துக் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வாங்கினதும் நான்தான். தீர்ப்பு அன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. தானாகவே கேள்விப்பட்டு வந்திருந்தார். எதிரிகளுக்கு விடுதலை. எல்லோரும் போன பிறகு என் மேசைக்கு வந்து, “அய்யா, என்ன சொல்லியிருக்கு?” என்றார். “அவங்களை விட்டாச்சு ஆச்சி. நீங்க போகலாம்” என்றேன்.

“அப்போ எம் மவனைக் கொன்னது யாருய்யா?”

நான் அடுத்த கட்டை எடுத்தேன். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இல்லை என்பது ஒரு சமாதானம். சட்டத்திலும் அன்றைக்கு அவருக்கு இடம் இல்லை. எதிரிக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் சர்க்கார் வக்கீல் வைத்துக் கொடுக்கும். இவருக்கு பஸ் சார்ஜ்தான். குற்றம் நிரூபணமாகாவிட்டாலும், எதிரி யார் என்றே தெரியாவிட்டாலும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கலாம் என்று 357-ஏ பிரிவு வந்தது 2009 கடைசியில். தமிழ்நாட்டில் அதற்கான திட்டம் 2013-ல். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்க வேண்டும். புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. நம் ஊர்ப் பக்கம் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று டீக்கடையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. உங்கள் தெருவில் யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள்.

பொங்கலுக்கு அந்தப் பிள்ளை ஊருக்கு வந்திருந்தாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது இந்தக் கதையைச் சொன்னேன். கையில் நோட்டு வைத்திருந்தாள். “தாத்தா, அந்த ஆச்சி பேரு என்ன? எந்த ஊரு?” என்று கேட்டாள். ஆறு வாய்தாவுக்கும் என் கையால் எழுதின பேர். எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சாட்சிக் கூண்டில் அவர் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. பதிவேட்டில் நான் எழுதினதும் ஞாபகம் இருக்கிறது. அ.சா.1.

பிள்ளை அதைத்தான் எழுதிக்கொண்டு போனாள்.